மனநலக் காப்பகங்களில் இருந்த முன்னோரைத் தேடுதல்

மனநலக் காப்பகங்களில் இருந்த முன்னோரைத் தேடுதல் என்பது, முற்காலத்தில் மனநோய்க்காகக் காப்பகங்களில் வைக்கப்பட்டிருந்த குடும்பத்தினரின் வாழ்க்கையை அக்கால ஆவணங்களின் வழியாகக் கண்டறியும் முயற்சி ஆகும். இது குடும்ப வரலாற்று ஆய்வின் ஒரு பிரிவு. இக்கட்டுரை, இத்தகைய ஆவணங்கள் பெருமளவில் எஞ்சியுள்ள இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளை முதன்மையாகக் கொண்டு தேடலின் படிநிலைகளை விளக்குகிறது. சென்னை மாகாணத்தோடு இதற்குள்ள தொடர்பு இறுதியில் தரப்படுகிறது.

காப்பகத்துக்குச் சென்றவரின் பெயர் பல குடும்பங்களில் பேச்சிலிருந்தே நீக்கப்பட்டது. "சின்ன வயதில் இறந்துவிட்டார்", "எங்கோ போய்விட்டார்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். குடும்பம் மறந்த ஒருவரைப் பற்றி அரசு ஆவணங்கள் பக்கம் பக்கமாகப் பேசுவது உண்டு. ஆயினும் அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் மருத்துவர்களும் அலுவலர்களுமே. நோயாளி எழுதியவை மிகக் குறைவு. ஆகவே ஆவணத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை யார், எதற்காக எழுதினார் என்று அறிந்து படிப்பது மீதிப் பாதி.

பழைய ஆவணங்களில் "பித்தர்", "மூடர்", "புத்தி குறைந்தோர்" என்ற பொருள்படும் சொற்கள் சட்டச் சொற்களாகவே வழங்கின. அவை இன்று இழிவாகக் கருதப்படுபவை. ஆவணங்களை விளக்கத் தேவையான இடங்களில் மட்டும் அவை இங்கு எடுத்தாளப்படுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

இங்கிலாந்தின் மிகப் பழைய மனநல மருத்துவமனை லண்டனின் பெத்லம். 1247 இல் ஒரு துறவு மடமாக நிறுவப்பட்ட இது, பின்னர் மனநோயாளர்களுக்கான இடமாயிற்று. 1676 இல் மூர்ஃபீல்ட்ஸ், 1815 இல் சதக், 1930 இல் பெக்கன்ஹாம் என இடம் மாறியது. சதக்கில் அது இயங்கிய கட்டடத்தில் இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகம் உள்ளது.

18ஆம் நூற்றாண்டில் தனியார் நடத்திய காப்பில்லங்கள் பெருகின. 1774 ஆம் ஆண்டுச் சட்டம் அவை உரிமம் பெறவேண்டும் என்றது. 1796 இல் வில்லியம் டியூக்கின் முயற்சியால் குவேக்கர் சமயத்தினர் யார்க் நகரில் "ரிட்ரீட்" என்னும் இல்லத்தைத் திறந்தனர். நோயாளரைக் கனிவோடு நடத்தும் முறைக்கு அது முன்மாதிரி ஆயிற்று. 1808 ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டங்கள் பொதுப் பணத்தில் காப்பகம் கட்ட அனுமதித்தது, கட்டாயப்படுத்தவில்லை. வேக்ஃபீல்டில் 1818 இலும், லண்டனுக்கு மேற்கே ஹான்வெல்லில் 1831 இலும் இவ்வகைக் காப்பகங்கள் திறக்கப்பட்டன. 1839 இல் ஹான்வெல்லில் பொறுப்பேற்ற மருத்துவர் ஜான் கோனொலி, நோயாளரைச் சங்கிலியாலும் பட்டைகளாலும் கட்டிவைப்பதை நிறுத்தியதற்காக அறியப்படுகிறார்.

குடும்ப வரலாறு தேடுவோருக்கு மிக முக்கியமான ஆண்டு 1845. அவ்வாண்டு இயற்றப்பட்ட இரண்டு சட்டங்கள் மாவட்டக் காப்பகங்களைக் கட்டாயமாக்கின. நாடு முழுவதையும் மேற்பார்வையிட ஆணையர் குழு ஒன்றையும் அமைத்தன. ஒவ்வொரு காப்பகமும் பதிவேடுகளைக் குறித்த முறையில் பராமரிக்கவும், சேர்க்கை, விடுவிப்பு, இறப்பு ஆகியவற்றை ஆணையர்களுக்கு அறிவிக்கவும் வேண்டியதாயிற்று. இன்று கிடைக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி இந்தக் கட்டாயத்தின் விளைவே.

1900 வாக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறத்தாழ 1,00,000 பேர் மனநோயாளராகப் பதிவாகியிருந்தனர். 1950களின் நடுவில் மருத்துவமனைகளில் இருந்தோர் எண்ணிக்கை 1,50,000 ஐ ஒட்டியிருந்தது. 1961 இல் அப்போதைய நலவாழ்வு அமைச்சர் ஈனக் பவல், உயர்ந்த நீர்த்தொட்டிக் கோபுரங்களோடு நின்ற இப்பெரிய மருத்துவமனைகளை மூடும் நோக்கத்தை அறிவித்தார். 1980களிலும் 1990களிலும் பெரும்பாலானவை மூடப்பட்டன. பல கட்டடங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாயின.

தேடலின் தொடக்கம்

பெரும்பாலும் சிறிய முரண்பாடு ஒன்றில் தேடல் தொடங்குகிறது. கணவர் உயிரோடிருக்கும்போதே மனைவி "கைம்பெண்" என்று எழுதப்பட்டிருக்கலாம். தாய் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டுக்கு இறப்புப் பதிவு இல்லாமல் போகலாம். குழந்தைகள் திடீரென்று உறவினர் வீட்டிலோ வறியோர் பள்ளியிலோ காணப்படலாம்.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதற்படி. 1871 முதல் 1911 வரையிலான கணக்கெடுப்புகளில் உடல், மனக் குறைபாடுகளைக் குறிக்கும் பத்தி ஒன்று இருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் இது நிரப்பப்பட்டது. குறைபாட்டை மறைத்த குடும்பங்களும் உண்டு என்பதால், பத்தி வெறுமையாக இருப்பது எதையும் உறுதிசெய்யாது. 1921 இல் இந்தக் கேள்வி கைவிடப்பட்டது.

காப்பகத்தில் இருந்தவர்களைக் கணக்கெடுப்பில் கண்டுபிடிப்பது கடினம். பல காப்பகங்கள் நோயாளரின் முழுப்பெயரைத் தராமல் முதலெழுத்துகளை மட்டுமே எழுதின. பெயரை வைத்துத் தேடினால் அவர் அகப்படமாட்டார். காப்பகத்தின் பெயரைக் கொண்டு அந்தப் பக்கங்களைத் திறந்து, முதலெழுத்து, வயது, தொழில், பிறந்த ஊர் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நான்கும் பொருந்தினாலும் அது ஊகமே. சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான் அதை உறுதிசெய்யும்.

இறப்புச் சான்றிதழ் மற்றொரு நுழைவாயில். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1837 ஜூலை முதல் இறப்புகள் அரசால் பதிவுசெய்யப்பட்டன. இறந்த இடம், காரணம், தகவல் தந்தவர் ஆகியவை சான்றிதழில் இருக்கும். தகவல் தந்தவர் உறவினராக இல்லாமல் ஒரு நிறுவனத்தின் அலுவலராக இருந்தால், அந்த முகவரி எந்த நிறுவனம் என்று பார்ப்பது பயன்தரும்.

மையப் பதிவேடு

எந்தக் காப்பகம் என்பதே தெரியாதபோது உதவுவது, ஆணையர் குழு பராமரித்த சேர்க்கைப் பதிவேடு. லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் "எம்.எச். 94" என்ற தொகுதி எண்ணில் இது உள்ளது. 1846 இல் தொடங்கும் இத்தொகுதியின் பழைய பகுதி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, எண்மியமாக்கப்பட்டு ஆன்செஸ்ட்ரி இணையதளத்தில் தேடக் கிடைக்கிறது.

இதில் நோயாளியின் பெயர், பால், காப்பகத்தின் பெயர், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட அல்லது இறந்த நாள் ஆகியவை உண்டு. வயது, ஊர், நோய் ஆகியவை இல்லை. எனவே பரவலான பெயர் உள்ளவர்களுக்கு ஒரே ஆண்டில் பல பதிவுகள் வரக்கூடும். ஒருவர் மூன்று முறை சேர்க்கப்பட்டிருந்தால் மூன்று பதிவுகள் இருக்கும். ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடாமல், முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளையும் பார்க்கவேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் தவிர்ந்த பகுதிகளுக்கு இப்பதிவேடு பொருந்தாது. ஸ்காட்லாந்தில் 1857 ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின் கீழ் உருவான பொதுப் பதிவேடு எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளது.

எந்தக் காப்பகம், எந்த ஆவணக்காப்பகம்

ஒருவர் எங்கே அனுப்பப்பட்டார் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்தது, செலவை யார் ஏற்றார் என்பதே. குடும்பம் செலவேற்றால் அவர் "தனியார் நோயாளர்". உரிமம் பெற்ற இல்லத்திலோ அறக்கட்டளை மருத்துவமனையிலோ சேர்க்கப்பட்டார். உள்ளூர் வறியோர் நிதி செலவேற்றால் அவர் "வறிய நோயாளர்". மாவட்டக் காப்பகத்துக்குச் சென்றார். "வறிய" என்ற சொல்லைக் கண்டு அக்குடும்பம் பிச்சையெடுக்கும் நிலையில் இருந்தது என்று முடிவுசெய்யக்கூடாது. கைத்தொழில் செய்தும் சிறு கடை வைத்தும் பிழைத்த குடும்பங்களாலும் வாரந்தோறும் காப்பகக் கட்டணம் செலுத்த இயலவில்லை. அச்சொல் பணம் வந்த வழியைக் காட்டுகிறது, அவ்வளவே.

சொத்துள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. ஒருவர் தம் சொத்தை நிர்வகிக்கும் நிலையில் இல்லை என்று உறவினர் முறையிட்டால், சான்சரி நீதிமன்றம் விசாரணைக்கு ஆணையிடும். அவ்விசாரணை ஆவணங்கள் தேசிய ஆவணக்காப்பகத்தில் "சி 211" தொகுதியில் உள்ளன. குற்றவழக்கில் சிக்கியவர்கள் 1863 முதல் பிராட்மூருக்கு அனுப்பப்பட்டனர். அதன் ஆவணங்கள் ரெடிங் நகரிலுள்ள பெர்க்ஷயர் மாவட்ட ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

காப்பகங்களின் பெயர்கள் மாறியதையும் கவனிக்கவேண்டும். ஹான்வெல் பின்னர் செயின்ட் பெர்னார்ட்ஸ் ஆனது. 1851 இல் திறக்கப்பட்ட கோல்னி ஹாட்ச், ஃபிரையர்ன் ஆனது. வேக்ஃபீல்ட் காப்பகம் ஸ்டான்லி ராய்ட் என்றும், மென்ஸ்டன் காப்பகம் ஹை ராய்ட்ஸ் என்றும் பெயர் பெற்றன. ஆவணங்கள் பெரும்பாலும் கடைசிப் பெயரில் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கும். ஹான்வெல், கோல்னி ஹாட்ச் ஆவணங்கள் லண்டன் ஆவணக்காப்பகத்திலும், வேக்ஃபீல்ட் ஆவணங்கள் மேற்கு யார்க்ஷயர் ஆவணச் சேவையிலும், யார்க் ரிட்ரீட் ஆவணங்கள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்திலும் உள்ளன. பிற காப்பகங்களுக்குத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணைய அட்டவணை, எந்த ஆவணம் எந்த ஊரில் இருக்கிறது என்று காட்டும்.

சேர்க்கை ஆவணங்கள்

ஒருவரைக் காப்பகத்தில் வைக்கச் சட்டப்படி தாள்கள் தேவைப்பட்டன. வறிய நோயாளருக்கு நீதித்துறை நடுவரின் ஆணையும் ஒரு மருத்துவச் சான்றிதழும் பொதுவான நடைமுறை. தனியார் நோயாளருக்கு உறவினரின் வேண்டுகோளும் இரண்டு மருத்துவச் சான்றிதழ்களும் வேண்டும். 1890 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் நோயாளருக்கும் நீதித்துறை ஆணை தேவையாயிற்று.

மருத்துவச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி, மருத்துவர் தாமே கண்டவை. இரண்டாம் பகுதி, பிறர் அவரிடம் சொன்னவை. சொன்னவரின் பெயரும் அங்கு குறிக்கப்படும். குடும்ப வரலாற்றுக்கு இந்த இரண்டாம் பகுதி அரியது. கணவரோ சகோதரியோ பக்கத்து வீட்டாரோ அன்று சொன்ன சொற்கள் அதில் எஞ்சியிருக்கின்றன. அவை ஒருவரை உள்ளே அனுப்புவதற்காகச் சொல்லப்பட்ட சொற்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அவர் நல்ல நிலையில் இருந்த நாட்களைப் பற்றிச் சான்றிதழ் கேட்கவே இல்லை.

1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணைகள் காலவரம்பு கொண்டவை. ஓராண்டு முடிந்ததும் மருத்துவர் அறிக்கை எழுதி நீட்டிக்கவேண்டும்; பிறகு இரண்டாண்டு, மூன்றாண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகள். நீண்டகாலம் இருந்தவரின் கோப்பில் இந்த அறிக்கைகளை வரிசையாக அடுக்கினால், அவர் எப்படி மாறினார் என்பதோடு, மருத்துவர் அவரைப் பற்றி எழுதுவது எப்படிச் சுருங்கிக்கொண்டே போனது என்பதும் தெரியும்.

நோயாளர் குறிப்பேடு

காப்பக ஆவணங்களில் மிகுதியான செய்தி தருவது நோயாளர் குறிப்பேடு. வயது, மணநிலை, தொழில், சமயம், முந்தைய தாக்குதல்கள், நோய் எவ்வளவு காலமாக உள்ளது, தற்கொலை எண்ணம் உண்டா, பிறருக்கு ஆபத்தானவரா, ஊகிக்கப்பட்ட காரணம், உடல்நிலை, காயங்கள் ஆகியவை முதற்பக்கத்தில் இருக்கும். தொடக்க வாரங்களில் குறிப்புகள் அடிக்கடி எழுதப்பட்டன; பின்னர் மாதங்களுக்கு ஒருமுறை, இறுதியில் "மாற்றமில்லை" என்ற ஒற்றைச் சொல்லாகவும் அவை குறைந்தன.

சில குறிப்பேடுகளில் ஒளிப்படம் ஒட்டப்பட்டுள்ளது. சரே மாவட்டக் காப்பகத்தில் மருத்துவர் ஹியூ வெல்ச் டயமண்டும், பெத்லத்தில் ஹென்றி ஹெரிங் என்ற ஒளிப்படக் கலைஞரும் 1850களிலேயே நோயாளரைப் படமெடுத்தனர். நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கம் பரவியது. ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அவர் வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் இதுவாக இருக்கக்கூடும். நோயாளர் எழுதி அனுப்பப்படாமல் நின்றுபோன கடிதங்கள் சில குறிப்பேடுகளின் தாள்களுக்கிடையே கிடைக்கின்றன.

"ஊகிக்கப்பட்ட காரணம்" என்ற கட்டத்தை எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். ஆங்கிலக் கவிஞர் ஜான் கிளேர் இதற்குச் சான்று. வேளாண் கூலித் தொழிலாளியாக இருந்து கவிஞரான அவர், 1837 இல் எசெக்ஸ் பகுதியிலுள்ள ஒரு தனியார் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1841 ஜூலையில் அங்கிருந்து ஏறத்தாழ 80 மைல் நடந்தே வீடு திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் நார்த்தாம்ப்டன் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1864 இல் அங்கேயே இறந்தார். நோய்க்கு முன் நீண்டகால மன உழைப்பு ஏதும் இருந்ததா என்ற படிவக் கேள்விக்கு, ஆண்டுக்கணக்கில் கவிதை எழுதும் பழக்கத்துக்கு அடிமையாயிருந்தார் என்ற பொருளில் சான்றளித்த மருத்துவர் விடை எழுதினார். இன்று அதைப் படிப்போர் கிளேரின் நோயைவிட, கவிதை பற்றி அந்த மருத்துவர் கொண்டிருந்த கருத்தையே அதிகம் அறிந்துகொள்கின்றனர். சமயப் பித்து, மதுப் பழக்கம், காதல் ஏமாற்றம், பணக்கவலை என்று பிற படிவங்களில் காணப்படும் காரணங்களும் இவ்வகையினவே.

நோய்ப் பெயர்களின் பொருள்

பழைய நோய்ப் பெயர்கள் இன்றைய நோய்ப் பெயர்களுக்கு நேராகப் பொருந்துவதில்லை. அடிக்கடி காணப்படுபவை:

மேனியா: மிகுந்த கிளர்ச்சி, ஓயாத பேச்சு, உறக்கமின்மை ஆகியவற்றைக் குறித்த பரந்த சொல். காய்ச்சலால் வந்த பிதற்றலும் சிலபோது இதில் அடங்கியது.

மெலங்கோலியா: ஆழ்ந்த சோகம், உணவு மறுத்தல், குற்றவுணர்வு.

டிமென்ஷியா: இன்று முதுமையின் நினைவிழப்பைக் குறிக்கும் இச்சொல், அன்று எந்த வயதிலும் அறிவாற்றல் மங்கியதைக் குறித்தது. 25 வயதினருக்கும் இப்பெயர் எழுதப்பட்டதைக் கண்டு வியக்கவேண்டியதில்லை.

பித்தரின் பொதுப் பக்கவாதம்: பெருமிதக் கற்பனைகளும் நாக்குழறலும் தொடங்கிப் பக்கவாதத்தில் முடிந்த நோய். நடுவயது ஆண்களிடம் மிகுதி. இது சிபிலிஸ் என்ற மேகநோயின் பிற்கால விளைவு என்பது, 1913 இல் நோயாளரின் மூளையில் அக்கிருமி கண்டறியப்பட்டபோது உறுதியாயிற்று. பெனிசிலின் வரும்வரை இது பெரும்பாலும் உயிர்கொல்லி.

பிரசவகாலப் பித்து: மகப்பேற்றை ஒட்டித் தோன்றியது. இவ்வாறு சேர்க்கப்பட்ட பெண்களில் பலர் சில மாதங்களில் குணமடைந்து வீடு திரும்பினர்.

வலிப்பு: மருந்து மிகக் குறைவாக இருந்த காலத்தில், வலிப்பு நோயாளர் பலர் காப்பகங்களில் வாழ்நாளைக் கழித்தனர்.

1913 ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டம் புதிய வகைகளைச் சேர்த்தது. "புத்தி குறைந்தோர்" என்று தீர்மானிக்கப்பட்டவர்களை நிறுவனங்களில் வைக்க அது வழிசெய்தது. வறியோர் உதவி பெற்றுக்கொண்டு, மணமாகாமல் குழந்தை பெற்ற பெண்களும் இச்சட்டத்தின் வலையில் சிக்கினர். 1959 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இதை நீக்கும்வரை பத்தாண்டுக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் உண்டு. ஒரு முன்னோரின் பெயர் இச்சட்டத்தின் கீழ் காணப்பட்டால், அவருக்கு மனநோய் இருந்தது என்று அதற்குப் பொருளில்லை.

குறிப்பேடு கிடைக்காதபோது: ஹன்னா சாப்ளின்

மருத்துவமனைகள் மூடப்பட்டபோது பல குறிப்பேடுகள் அழிந்தன. அந்நிலையில் வறியோர் சட்ட ஆவணங்கள் கைகொடுக்கும். 1834 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊர்த் தொகுதிகளுக்கு அமைந்த பாதுகாவலர் குழுக்கள் வறியோர் இல்லங்களை நடத்தின. ஆபத்தான மனநோயாளரை 14 நாட்களுக்கு மேல் அங்கே வைக்கக்கூடாது என்று அச்சட்டம் கூறியது. ஆகவே காப்பகத்துக்குச் சென்ற பலர் சில நாட்கள் வறியோர் இல்லத்தின் வழியாகவே சென்றனர். அவ்வில்லத்தின் சேர்க்கைப் பதிவேடு, பாதுகாவலர் கூட்டக் குறிப்புகள், செலவுக் கணக்கு ஆகியவற்றில் அவர்கள் பெயர் இருக்கும். 1874 முதல், காப்பகத்திலுள்ள ஒவ்வொரு வறிய நோயாளருக்கும் மைய அரசு வாரம் 4 ஷில்லிங் உதவித்தொகை தந்தது. அமைதியான நோயாளரையும் வறியோர் இல்லத்திலிருந்து காப்பகத்துக்கு மாற்ற இது ஒரு தூண்டுதலாயிற்று.

திரைக்கலைஞர் சார்லி சாப்ளினின் தாயார் ஹன்னா சாப்ளினின் கதை இவ்வழியில் தெரியவந்த ஒன்று. மேடைப் பாடகியாக இருந்த அவர், தெற்கு லண்டனின் லாம்பெத் பகுதியில் வறுமையில் வாழ்ந்தார். 1898 இல் முதன்முறையாகக் கேன் ஹில் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். 1903 மே மாதத்தில் மீண்டும் நோயுற்றபோது மூத்த மகன் சிட்னி கப்பலில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தவர் 14 வயது சார்லி மட்டுமே. லாம்பெத் பாதுகாவலர் குழுவின் ஆவணத்தில், "பிறர் சொன்னவை" என்ற பகுதியில் அச்சிறுவனின் வாக்குமூலம் பதிவாகியுள்ளது: இறந்துபோனவர்களைப் பற்றித் தாய் ஓயாமல் பேசுகிறார், அவர்கள் சன்னல் வழியே பார்ப்பதாக நினைக்கிறார் என்பது அதன் சாரம். உலகம் அறிந்த கலைஞரின் சிறுவயதுச் சொற்கள், ஓர் அரசுப் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் இவ்வாறு நின்றுவிட்டன.

ஹன்னா 1905 இல் மறுபடியும் கேன் ஹில்லில் சேர்க்கப்பட்டார். மகன்கள் சம்பாதிக்கத் தொடங்கியபின் 1912 இல் அவரைத் தனியார் இல்லமான பெக்கம் ஹவுசுக்கு மாற்றினர். ஒரே பெண் முதலில் "வறிய" நோயாளராகவும் பின்னர் "தனியார்" நோயாளராகவும் வெவ்வேறு பதிவேடுகளில் காணப்படுவதற்கு இது எடுத்துக்காட்டு. 1921 இல் மகன்கள் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டனர். 1928 இல் அங்கு இறந்தார்.

விடுவிப்பு, இடமாற்றம், இறப்பு

காப்பகத்துக்குச் சென்றவர் திரும்பியதே இல்லை என்ற எண்ணம் முழு உண்மையன்று. கணிசமானோர் ஓராண்டுக்குள் வெளிவந்தனர். வெளியேறியவர்களைப் பதிவேடு மூன்றாகப் பிரித்தது: குணமடைந்தவர், ஓரளவு தேறியவர், தேறாதவர். "தேறாதவர்" என்று குறிக்கப்பட்டவர் வேறொரு காப்பகத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், மையப் பதிவேட்டில் அதே தேதியை ஒட்டி அடுத்த சேர்க்கையைத் தேடவேண்டும். லண்டனின் நாட்பட்ட, அமைதியான வறிய நோயாளர் பலர் 1870 இல் திறக்கப்பட்ட லீவ்ஸ்டன், கேட்டரம் காப்பகங்களுக்கு மாற்றப்பட்டனர். முதல் உலகப் போரின்போது சில காப்பகங்கள் படை மருத்துவமனைகளாக்கப்பட்டன. அங்கிருந்தோர் தொலைவிலுள்ள பிற காப்பகங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். அப்போரின் இறுதி ஆண்டுகளில் உணவுக் குறைவாலும் நெரிசலாலும் காசநோயாலும் காப்பகங்களில் இறப்பு மிகவும் உயர்ந்தது. 1917, 1918 ஆம் ஆண்டுகளில் இறந்தவரின் குறிப்பேட்டைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

உடலைப் பெற உறவினர் வராதபோது, காப்பகத்தின் சொந்தக் கல்லறையில் அடக்கம் நடந்தது. பெயர்க்கல்லுக்கு மாறாக எண் மட்டுமே பொறிக்கப்பட்ட குறியீடுகள் வைக்கப்பட்டன. லண்டனுக்குத் தெற்கே எப்சம் ஊரிலுள்ள ஹோர்ட்டன் கல்லறையில், அப்பகுதியின் காப்பகங்களில் இறந்த ஏறத்தாழ 9,000 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தன்னார்வலர்கள் அவர்களின் வாழ்க்கைக் கதைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்துவருகின்றனர். அடக்கப் பதிவேடு எஞ்சியிருந்தால், எண்ணிலிருந்து பெயருக்குப் போக முடியும்.

அணுகல் விதிகள்

நோயாளரைப் பற்றிய ஆவணங்கள் பொதுவாக 100 ஆண்டுகள் மூடிவைக்கப்படுகின்றன. ஒரு தொகுப்பின் கடைசிப் பதிவிலிருந்தே இக்காலம் கணக்கிடப்படுவது வழக்கம். எனவே 1905 இல் தொடங்கி 1930 இல் முடியும் குறிப்பேட்டில் உள்ள முற்பகுதிக்கும் காத்திருக்கவேண்டி வரலாம். அவ்வாறு மூடப்பட்ட ஆவணங்களையும் நெருங்கிய உறவினருக்குக் காட்ட ஆவணக்காப்பகங்கள் இசைவது உண்டு. இறப்புச் சான்றிதழும் உறவுமுறையைக் காட்டும் சான்றிதழ்களும் கேட்கப்படும். முடிவு ஒவ்வோர் ஆவணக்காப்பகத்தின் விதியையும், ஆவணத்துக்குப் பொறுப்பான மருத்துவ அமைப்பையும் பொறுத்தது.

எழுதிக் கேட்கும்போது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, காப்பகத்தின் பெயர், மையப் பதிவேட்டில் கண்ட சேர்க்கை நாள் ஆகியவற்றைத் தருவது நல்லது. பல குறிப்பேடுகள் சேர்க்கை நாளின் வரிசையில் அமைந்தவை என்பதால், நாள் தெரிந்தால் தேடுதல் எளிது.

சென்னை மாகாணத் தொடர்பு

கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இந்தியாவிலிருந்து மனநோயுற்ற ஐரோப்பிய அலுவலர்களும் படைவீரர்களும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். 1818 முதல் 1870 வரை அவர்கள் லண்டன் ஹாக்னியிலுள்ள பெம்புரோக் ஹவுசிலும், 1870 முதல் 1892 வரை ஈலிங்கில் இருந்த ராயல் இந்தியா காப்பகத்திலும் வைக்கப்பட்டனர். இவ்விரண்டின் ஆவணங்களும் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் உள்ளன. சென்னைப் படையிலோ நிர்வாகத்திலோ பணியாற்றியவரை முன்னோராகக் கொண்ட குடும்பங்களுக்கு இத்தொகுப்பு முக்கியமானது.

இந்தியர்கள் அவ்வாறு அனுப்பப்படவில்லை. சென்னையில் 1794 இல் மருத்துவர் வாலண்டைன் கோனொலி புரசைவாக்கத்தில் ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். 1871 இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய அரசு மனநல மருத்துவமனை. கோழிக்கோட்டிலும் விசாகப்பட்டினத்திலும் மாகாணக் காப்பகங்கள் இருந்தன. இவற்றின் 19ஆம் நூற்றாண்டு ஆண்டறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் எண்மியமாக்கி இணையத்தில் வெளியிட்டுள்ளது. சேர்ந்தோர், இறந்தோர், சமயம், தொழில், நோய் ஆகியவை அவற்றில் அட்டவணைகளாக உள்ளன. தனியொருவரின் பெயரைத் தேட அவை உதவா. முன்னோர் ஒருவர் அங்கு இருந்ததாகக் குடும்பத்தில் செய்தி இருந்தால், அக்காலத்தில் அவ்விடம் எப்படி இருந்தது என்பதை அறிய உதவும்.

பெத்லம் என்ற பெயர் "பெட்லம்" எனத் திரிந்து, ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கான சொல்லாயிற்று. கீழ்ப்பாக்கம் என்ற பெயரும் தமிழில் ஒருவரை எள்ளும் சொல்லாகப் பேச்சில் வழங்குகிறது. ஓர் ஊரின் பெயரே ஏளனமாக மாறும் இடத்தில், அங்கு இருந்தவரின் பெயரைக் குடும்பங்கள் ஏன் மறைத்தன என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

கண்டறிந்ததைக் கையாளுதல்

சேர்க்கைப் படிவத்தில் "பரம்பரை" என்று எழுதப்பட்டிருப்பது பலரைக் கலங்கவைக்கிறது. உறவினரில் யாருக்கேனும் வலிப்போ குடிப்பழக்கமோ இருந்தாலும் அக்கட்டம் நிரப்பப்பட்டது. அதை இன்றைய மரபியல் முடிவாகக் கொள்ளக்கூடாது. உண்மையான உடல்நலக் கவலை இருந்தால், பழைய குறிப்பேட்டை வைத்து ஊகிக்காமல் மருத்துவரைக் கேட்பதே முறை.

கண்டறிந்ததை வெளியிடுமுன், அந்த முன்னோரின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உயிரோடிருந்தால் அவர்களிடம் சொல்லுதல் நன்று. சிலருக்கு அது புதிய துயரம். சிலருக்கு, தாய் தங்களைக் கைவிட்டுப் போகவில்லை, கொண்டுபோகப்பட்டார் என்று அறிவது நெடுநாள் மனச்சுமையை இறக்கிவைப்பதாக இருக்கும்.

காப்பகத்தில் கழிந்த காலம் ஒருவர் வாழ்க்கையின் ஒரு பகுதி மட்டுமே. அதற்கு முன் அவர் செய்த தொழில், மணம் புரிந்த நாள், பெற்ற குழந்தைகள், குடியிருந்த தெரு ஆகியவையும் ஆவணங்களில் உண்டு. குறிப்பேட்டை அவற்றோடு சேர்த்து வைத்துப் படித்தால், "நோயாளர்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த மனிதர் மீண்டும் குடும்ப மரத்தில் தமக்குரிய இடத்தைப் பெறுகிறார்.